நோயாளர் இடமாற்றமும் மருத்துவத் தகவற் கையளிப்பும்

மருத்துவம் என்பது ஒருவர் மற்றொருவருக்கு நேருக்கு நேர் ஆற்றும் பணியாக இருந்த காலம் ஒன்றுண்டு. ஊரின் பரம்பரை வைத்தியர் தம்மிடம் வரும் நோயாளரின் நாடியை மட்டுமன்றி, அவர்தம் குடும்பத்தையும் தொழிலையும் உணவுப் பழக்கத்தையும், முன்னர் எம்மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் அறிந்திருந்தார். நோயாளரைப் பற்றிய அறிவு ஒருவரது நினைவிலேயே தங்கியிருந்தமையால், அதனைப் பிறிதொருவரிடம் கையளிக்கும் தேவை அரிதாகவே எழுந்தது. இன்றைய மருத்துவமோ பலர் கூடி ஆற்றும் பணியாகும். ஒருவர் நோயைக் கண்டறிகின்றார். இன்னொருவர் குருதியைச் சோதிக்கின்றார். வேறொருவர் சத்திரசிகிச்சை செய்கின்றார். இவர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பர் என்பதற்கும் உறுதியில்லை. எனவே நோயாளர் ஒரு வைத்தியசாலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுங்கால், அவரைப் பற்றிய அறிவும் அவருடன் கூடவே செல்லுதல் வேண்டும்.

இவ்வறிவு எங்ஙனம் செல்கின்றது, எவ்விடத்தில் தவறிவிடுகின்றது, அதனைப் பாதுகாப்பாகக் கொண்டு செல்வதற்கு என்ன செய்தல் வேண்டும் என்பனவற்றை எமது நாட்டுச் சூழலில் வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 'பாதுகாப்பு' என்னும் சொல்லை ஈண்டு இரு பொருளிற் கையாளுகின்றோம். தகவல் குறைவுபடாது உரியவரைச் சென்றடைதல் ஒன்று. உரியவரல்லாதார் கைக்கு அது போகாதிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அவை ஒரே கடமையின் இரு பக்கங்கள் என்பதே எமது துணிபு.

1. இடமாற்றம் ஏன் நிகழ்கின்றது

இலங்கையின் அரச மருத்துவச் சேவை படிமுறையாக அமைந்ததாகும். ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு அலகுகளும் பிரதேச வைத்தியசாலைகளும் அடிப்படியில் உள்ளன. அவற்றின் மேல் ஆதார வைத்தியசாலைகள், மாவட்டப் பொது வைத்தியசாலைகள், போதனா வைத்தியசாலைகள் என்பன முறையே அமைந்து, கொழும்பிலுள்ள தேசிய வைத்தியசாலை வரை இப்படிமுறை உயர்ந்து செல்கின்றது. யாழ்ப்பாண மாவட்டத்தை நோக்கின், தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உள. அங்கு இயலாதவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்லும். அங்கும் இயலாத சில கொழும்புக்கோ கண்டிக்கோ செல்லும்.

ஒவ்வோர் ஊரிலும் எல்லா நிபுணத்துவத்தையும் எல்லாக் கருவிகளையும் வைத்திருத்தல் எந்நாட்டுக்கும் இயலாது. ஆகவே இடமாற்றம் என்பது குறைபாடன்று. அமைப்பின் இயல்பான தொழிற்பாடு. ஆயினும் அதற்கென ஒரு விலை உண்டு. நெடுந்தீவிலிருந்து அனுப்பப்படும் ஒரு நோயாளரை எண்ணிப் பார்ப்போம். அவர் படகேறிக் குறிகட்டுவான் துறைக்கு வருகின்றார். அங்கிருந்து நோயாளர் காவு வண்டியிற் புங்குடுதீவு, வேலணை வழியாகப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணத்தை அடைகின்றார். வைத்தியசாலையிலிருந்து துறைக்கும், துறையிற் படகுக்கும், படகிலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து வெளிநோயாளர் பிரிவுக்கும், அங்கிருந்து விடுதிக்கும் என அவர் பலமுறை கைமாறுகின்றார். நோயாளரைக் கைமாற்றுவதற்குத் தூக்குபடுக்கையும் வண்டியும் ஆட்களும் உளர். அவரைப் பற்றிய தகவலைத் தாங்கிச் செல்வது பெரும்பாலும் ஒரு தாள் மட்டுமே.

2. தகவல் எவ்விடத்தில் தவறுகின்றது

விடுதியில் அனுமதிக்கப்பட்டதும் நோயாளருக்கெனத் தொடங்கப்படும் பதிவேடு, வழக்கில் 'பீ.எச்.ரி.' எனப்படும் கட்டில்தலைச் சீட்டாகும். வைத்தியரின் குறிப்பு, தாதியரின் அவதானிப்பு, மருந்து கொடுத்த நேரம், சோதனை முடிவு ஆகியன யாவும் இதிலேயே திரளுகின்றன. இது வைத்தியசாலையின் உடைமை. நோயாளர் சென்ற பின்னரும் அவ்வைத்தியசாலையின் பதிவறையிலேயே இது தங்கும். நோயாளருடன் செல்வது அதன் சாரம் எனக் கருதப்படும் இடமாற்றக் கடிதமேயாகும். வீடு செல்பவருக்கு வழங்கப்படும் நோய்நிர்ணய அட்டையும், நாட்பட்ட நோயாளர் வைத்திருக்கும் கிளினிக் கொப்பியும் இவ்வகையினவே. முழுமை ஓரிடத்தில் நிற்க, சுருக்கம் மற்றோரிடத்துக்குச் செல்கின்றது. எனவே சுருக்குபவர் எதனை முக்கியமெனக் கொள்கின்றாரோ அதுவே அடுத்த வைத்தியருக்குத் தெரியவரும்.

தவறுகள் நான்கு வகையாக நிகழ்கின்றன எனலாம். முதலாவது, எழுதப்படாமை. அவசர நோயாளரை அனுப்பும் வேளையில் வைத்தியரின் கைகள் சிகிச்சையில் ஈடுபட்டிருக்கும். கடிதமோ வண்டி புறப்படும் தறுவாயில் எழுதப்படும். இரண்டாவது, சென்று சேராமை. கடிதம் உறவினரின் பையில் இருந்துவிடும். உறவினர் பின்னால் பஸ்ஸில் வருவார். மூன்றாவது, வாசித்து விளங்கிக்கொள்ளப்படாமை. கையெழுத்துப் புரியாமையும், ஒரு பிரிவினர்க்கு மட்டுமே பழகிய சுருக்கெழுத்துக்களும் இதற்குக் காரணம். நான்காவது, பிறிதொருவரது தகவலாக மாறிவிடுதல். இஃது எல்லாவற்றிலும் ஆபத்தானது. இதனைப் பின்னர்த் தனியே நோக்குவோம்.

எமது நாட்டுக்குரிய இன்னுமொரு காரணமும் உண்டு. மருத்துவக் குறிப்புக்கள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. நோயாளரோ தமிழிலோ சிங்களத்திலோ பேசுகின்றார். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ கொழும்புக்குக் கொண்டு செல்லப்பட்ட முதியவர் ஒருவர், தமக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்பதைத் தாமே கூறித் தம்மைக் காத்துக்கொள்ளலாம் என எதிர்பார்த்தல் இயலாது. அவர் கூறுவதை விளங்கிக்கொள்ளும் ஒருவர் அந்த நேரத்தில் அந்த விடுதியில் இல்லாதிருக்கலாம். வாய்மொழி தவறக்கூடிய இவ்விடத்தில் எழுத்து ஒன்றே துணையாகின்றது.

3. டெங்கு நோயாளர்: ஓர் எடுத்துக்காட்டு

ஒரு தகவல் தவறினால் விளைவது யாது என்பதைத் தெளிவாகக் காட்டக்கூடிய நோய் டெங்கு ஆகும். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000இற்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு உள்ளாகியிருக்கலாமெனப் பதிவுசெய்யப்பட்டனர். எனவே இஃது எமக்கு அயலான எடுத்துக்காட்டன்று.

டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சலில், காய்ச்சல் தணியத் தொடங்கும் கட்டத்திற் குருதி மயிர்க்குழாய்களிலிருந்து திரவவிழையம் வெளியே கசிகின்றது. இக்கசிவு பொதுவாக 24 முதல் 48 மணித்தியாலங்கள் வரை நீடித்து, பின்னர் தானாகவே நின்றுவிடுகின்றது. கசிந்த திரவம் அதன் பின் குருதிக்கே மீள்கின்றது. கசிவின்போது போதிய திரவம் கொடுக்கப்படாவிடின் நோயாளர் அதிர்ச்சிநிலையை அடைவார். மிகையாகக் கொடுக்கப்படின், கசிவு நின்று திரவம் மீளும் வேளையில் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சுத் திணறுவார். இரண்டும் உயிரைப் பறிக்கக் கூடியவை.

இதனாலேயே எமது நாட்டின் சிகிச்சை வழிகாட்டிகள், இக்கட்டான அந்த 48 மணித்தியாலங்களுக்கும் ஒரு திரவ ஒதுக்கீட்டினைக் கணித்துக்கொள்ளுமாறு கூறுகின்றன. ஐம்பது கிலோகிராம் நிறையுடைய ஒருவரைக் கொள்வோம். ஒருநாட் பராமரிப்புத் தேவை, முதற் பத்துக் கிலோகிராமுக்கு 1000 மில்லிலீற்றர், அடுத்த பத்துக்கு 500, எஞ்சிய முப்பதுக்கு 600 என மொத்தம் 2100 மில்லிலீற்றர் ஆகும். உடல் நிறையின் நூற்றுக்கு ஐந்து வீதம் 2500 மில்லிலீற்றர். இரண்டும் சேர்ந்து 4600 மில்லிலீற்றர். நாளத்தின் வழி ஏற்றும் சேலைன் மட்டுமன்றி, வாய்வழி அருந்தும் கஞ்சி, இளநீர், ஜீவனி ஆகியனவும் இக்கணக்கில் அடங்கும். நாடி, குருதியமுக்கம், சிறுநீரின் அளவு, செங்குழியங்களின் கனவளவு வீதம் ஆகியவற்றுக்கேற்ப வைத்தியர் இவ்வளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்வார்.

இனி, கற்பனையாக ஒரு நிகழ்ச்சியை அமைத்துக்கொள்வோம். சிறியதொரு வைத்தியசாலையில் இளைஞர் ஒருவருக்குக் காலை 6 மணிக்குக் கசிவு தொடங்கியமை அறியப்படுகின்றது. மாலை 4 மணி வரையில் அவருக்கு 1600 மில்லிலீற்றர் திரவம் கொடுக்கப்பட்டுள்ளது. அவ்வேளையில் அவரைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பத் தீர்மானிக்கின்றனர். மாலை 6 மணிக்கு அவர் அங்கு சேருகின்றார். கடிதத்தில் 'டெங்குக் காய்ச்சல், சேலைன் ஏற்றப்பட்டது, மேற்சிகிச்சைக்காக அனுப்பப்படுகின்றார்' என்று மட்டும் உள்ளது. அதில் ஒரு சொல்லேனும் பொய்யன்று. ஆயினும் பெற்றுக்கொண்ட வைத்தியர் என்ன செய்வார்? கசிவு தொடங்கிய நேரம் தெரியாமையால், தாம் கண்ட நேரத்தையே தொடக்கமாகக் கொண்டு 48 மணித்தியாலங்களுக்கு 4600 மில்லிலீற்றரைக் கணிக்கக்கூடும். அங்ஙனமாயின் நோயாளர் பெறும் மொத்தத் திரவம் 6200 மில்லிலீற்றராகும். அத்துடன், கசிவு நிற்கவேண்டிய நேரத்துக்குப் பின்னரும் பன்னிரண்டு மணித்தியாலங்கள் திரவம் ஏறிக்கொண்டிருக்கும். 'போதிய அளவு கொடுத்திருப்பார்கள்' என எண்ணி அவர் குறைத்துவிட்டாலோ, எதிர்ப்பக்கத்து ஆபத்து நேரும்.

இங்கு எவரும் கவனயீனமாக நடந்தாரல்லர். முதல் வைத்தியர் நோயைச் சரியாகக் கண்டார். இரண்டாமவர் வழிகாட்டியைப் பின்பற்றினார். இருவருக்கும் இடையே விடுபட்டவை இரண்டு எண்கள் மட்டுமே: கசிவு தொடங்கிய நேரம், அதுவரை கொடுத்த திரவத்தின் அளவு. இவ்விரண்டையும் எழுத ஒரு வரி போதும்.

இவ்வாறே ஒவ்வொரு நோய்க்கும் தவறவிடக்கூடாத சில தகவல்கள் உள்ளன. பாம்பு கடித்தவராயின், கடித்த நேரம், குருதி உறைகின்றதா என 20 நிமிடச் சோதனை செய்த நேரமும் முடிவும், கொடுத்த விடமுறிமருந்துப் புட்டிகளின் எண்ணிக்கை, அதற்கு ஒவ்வாமை தோன்றியதா என்பது ஆகியன வேண்டும். மாரடைப்பாயின், நெஞ்சுநோவு தொடங்கிய நேரமும் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றிய நேரமும் வேண்டும். வாபரின் போன்ற குருதியுறைவெதிரி மருந்து உட்கொள்பவராயின், அதன் அளவும் இறுதியாக எடுத்த வேளையும் வேண்டும். இவற்றுட் பெரும்பாலானவை நேரங்களும் அளவுகளுமாக இருத்தல் கவனிக்கத்தக்கது. நோயின் பெயரை அடுத்த வைத்தியர் தாமே கண்டுகொள்ளலாம். கடந்துபோன நேரத்தை அவராற் கண்டுகொள்ள இயலாது.

4. ஒழுங்குபட்ட கையளிப்பு

இச்சிக்கல் எமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நோயாளர் பாதுகாப்புக்கென 2007ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வெளியிடப்பட்ட ஒன்பது தீர்வுகளுள், கையளிப்பின்போதான தொடர்பாடலும் ஒன்றாகும். 2017ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 'தீங்கற்ற மருந்து' என்ற நோக்கில் தொடங்கிய உலகளாவிய முயற்சி, முதன்மை தரவேண்டிய மூன்று துறைகளைக் குறிப்பிட்டது. அவற்றுள் ஒன்று பராமரிப்பு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாறும் வேளையாகும்.

கையளிப்பை ஒழுங்குபடுத்துவதற்குப் பல முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. பரவலாக அறியப்பட்டது நான்கு கூறுகளைக் கொண்டது: இப்போதைய நிலைமை, அதன் பின்னணி, எமது மதிப்பீடு, எமது பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் வழங்கிய தொடர்பாடல் முறையிலிருந்து இது மருத்துவத்துக்குக் கொணரப்பட்டதென்பர். இம்முறையின் சிறப்பு அதன் எளிமையிலேயே உளது. தாதி உத்தியோகத்தர் ஒருவர் நள்ளிரவில் தொலைபேசியிற் பேசும்போதும், இந்நான்கையும் ஒழுங்காகக் கூறினால், கேட்பவர் எதனை எங்கே எதிர்பார்க்கலாம் என அறிவார். ஒன்று விடுபட்டாலும் அதனைக் கேட்டுப் பெறுவார்.

இத்தகைய ஒழுங்கு பயன்தருமா என்ற வினாவுக்கு ஆய்வு வழியான விடையும் உண்டு. வட அமெரிக்காவின் ஒன்பது சிறுவர் வைத்தியசாலைகளில் நடைபெற்று 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, ஒழுங்குபட்ட கையளிப்பு முறையைப் புகுத்தியதன் பின் மருத்துவத் தவறுகள் 23 வீதத்தாலும், தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 30 வீதத்தாலும் குறைந்தன எனக் கண்டது. அவ்வாய்வு ஒரே வைத்தியசாலையில் ஒரு முறைக் கடமையாளர் அடுத்த முறைக் கடமையாளரிடம் கையளித்தலைப் பற்றியது. இரு வைத்தியசாலைகளுக்கிடையிலான இடமாற்றத்தைப் பற்றியதன்று. எனினும், ஒருவரையொருவர் நாள்தோறும் காணும் வைத்தியரிடையேயே இவ்வளவு பயன் விளையுமாயின், முகமறியாத இருவரிடையே ஒழுங்கு எத்துணை இன்றியமையாதது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அம்முறையின் இறுதிக்கூறு எமது கவனத்துக்குரியது. பெறுபவர் தாம் கேட்டதைத் தம் சொல்லிற் சுருக்கித் திருப்பிக் கூறுதல் வேண்டும் என்பதே அதுவாகும். கடிதத்தைக் கொடுத்ததுடன் கடமை முடிந்தது என்ற எண்ணத்தை இது மாற்றுகின்றது. பெறுபவர் விளங்கிக்கொண்டார் என்பதை அனுப்பியவர் அறியும்போதே கையளிப்பு நிறைவெய்துகின்றது.

5. இரகசியம் காத்தலும் பகிர்தலும்

இனி, பாதுகாப்பின் மறுபக்கத்தை நோக்குவோம். நோயாளரிடம் அறிந்ததை வெளியிடாமை மருத்துவ ஒழுக்கத்தின் மிகப் பழைய விதிகளுள் ஒன்று. கிரேக்க மருத்துவராகிய இப்போக்கிரற்றிசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலேயே அது இடம்பெற்றுள்ளது. எமது சமூகத்தில் இவ்விதிக்கு மேலும் ஓர் அழுத்தம் உண்டு. ஊர் சிறிது; உறவு பெரிது. உளநோய், எச்.ஐ.வி. தொற்று, தற்கொலை முயற்சி, கருச்சிதைவு முதலியன வெளியிற் கசிந்தால், நோயாளரின் திருமணமும் தொழிலும் குடும்பத்தின் மதிப்பும் பாதிக்கப்படும். நோய் குணமான பின்னரும் பேச்சு குணமாவதில்லை. இதனை அறிந்த நோயாளர், தகவல் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாதவிடத்து, வைத்தியரிடமே உண்மையை மறைத்துவிடுவர். ஆதலால் இரகசியம் காத்தல் நோயாளரின் மானத்தை மட்டுமன்றிச் சிகிச்சையின் செம்மையையும் காக்கின்றது.

சட்டமும் இதனை ஏற்றுள்ளது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவுகளைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையினவாகக் கொள்கின்றது. கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும் வகையில் அது இயற்றப்பட்டது.

ஆயினும் இரகசியம் என்ற பெயரால் தகவலைத் தடுத்து வைத்தலும் தீங்காகும். இதனைத் தெளிவுபடுத்திய அனுபவம் பிரித்தானியாவினுடையது. அந்நாட்டில் உளமருத்துவரான பியோனா கல்டிகொற் என்பாரின் தலைமையில் அமைந்த குழு, நோயாளர் தகவல்களைக் கையாளுதல் பற்றி 1997ஆம் ஆண்டில் ஆறு கோட்பாடுகளை வகுத்தது. நோக்கத்தை நியாயப்படுத்துக, தேவையானபோது மட்டும் பயன்படுத்துக, தேவையான அளவு மட்டும் பயன்படுத்துக, அறியவேண்டியவர் மட்டும் அறிக என்ற போக்கில் அவை அமைந்தன. காலப்போக்கில், இவற்றை அஞ்சிச் சிகிச்சைக்குத் தேவையான தகவலைக்கூடப் பகிராது விடும் வழக்கம் தோன்றியது. எனவே 2013ஆம் ஆண்டில் மீளாய்வு செய்தபோது ஏழாவது கோட்பாடொன்று சேர்க்கப்பட்டது. நோயாளரின் நலனுக்காகத் தகவலைப் பகிரும் கடமையும், அதனைக் காக்கும் கடமையைப் போன்றே முக்கியமானதாகலாம் என்பதே அதன் கருத்தாகும். தம் தகவல் எவ்வாறு பயன்படும் என்பதை நோயாளர் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும் என்னும் எட்டாவது கோட்பாடு 2020ஆம் ஆண்டிற் சேர்ந்தது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க அளவுகோல் ஒன்றே. தகவலைப் பெறுபவர் இந்நோயாளருக்குச் சிகிச்சை அளிக்கின்றாரா? ஆம் எனின், சிகிச்சைக்கு வேண்டிய அனைத்தும் அவருக்குச் செல்லவேண்டும். மனக்கூச்சத்தினால் எதனையும் மறைத்தல் தகாது. இல்லை எனின், அவர் எத்துணை நெருங்கியவராயினும் எதுவும் செல்லலாகாது. எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்து உட்கொள்பவரின் கடிதத்தில் அம்மருந்துகளின் பெயரை விடுத்துவிட்டால், அவற்றுடன் ஒவ்வாத பிறிதொரு மருந்தைப் புதிய வைத்தியர் கொடுக்க நேரலாம். அதே கடிதம் திறந்த தாளாக உறவினர் கையிற் சென்றால், ஊர் முழுவதும் அதனை அறியும். எழுதாது விடுதல் இதற்குத் தீர்வாகாது. முழுமையாக எழுதி, உறையிலிட்டு ஒட்டி, பெறும் வைத்தியரின் பெயரை மேலே குறித்து, உடன்செல்லும் தாதி உத்தியோகத்தரிடம் ஒப்படைத்தலே தீர்வாகும்.

6. ஆளடையாளம்

தகவல் எவ்வளவு முழுமையாயினும், அது வேறொருவரைப் பற்றியதாயின் இல்லாதிருப்பதினும் கேடானது. தமிழரிடையே குடும்பப் பெயர் வழக்கம் இன்மையால், தந்தையின் பெயரின் முதலெழுத்தே ஒரே பெயருடையோரைப் பிரித்துக் காட்டுகின்றது. ஒரே விடுதியில் இரு சிவகுமார்கள் இருத்தல் அருமையன்று. இருவருக்கும் முதலெழுத்தும் ஒன்றாகலாம். ஆங்கிலத்தில் எழுதும்போதோ, தர்ஷினி என்ற ஒரு பெயரே எழுதுபவருக்கேற்ப மூன்று நான்கு வடிவம் கொள்ளும். ஓரிடத்தில் முழுப்பெயரும் மற்றோரிடத்தில் வீட்டுப்பெயரும் பதியப்படுவதுமுண்டு.

ஆகவே பெயரை மட்டும் நம்புதல் தகாது. பிறந்த திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம், வழங்கப்பட்டிருப்பின் தனிநபர் சுகாதார இலக்கம் ஆகியவற்றுள் ஒன்றேனும் பெயருடன் சேர்த்து ஒப்பிடப்படவேண்டும். கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும், இணைக்கப்படும் ஒவ்வொரு சோதனை முடிவிலும் இவ்வடையாளங்கள் இருத்தல் வேண்டும். ஊசி கழன்றால் தாள்கள் பிரியும் என்பதை நாம் மறத்தலாகாது. மயக்கநிலையில் உள்ளவருக்கு மணிக்கட்டிற் கட்டும் அடையாளப் பட்டியே வாயாக அமையும்.

7. தகவல் செல்லும் வழி

கடிதம் மெதுவானது, ஆயினும் நோயாளருடனேயே செல்வது. தொலைபேசி விரைவானது, ஆயினும் சுவடு விடாதது. இவ்விரண்டும் ஒன்றை ஒன்று நிரப்புவன. நோயாளர் புறப்படுமுன் இரு வைத்தியரும் தொலைபேசியிற் பேசி, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் இரு பக்கத்திலும் பதிதல் வேண்டும். பெறும் வைத்தியசாலையிற் கட்டில் உண்டா, தேவையான கருவி உண்டா, நிபுணர் உளரா என்பதையும் இதனால் அறியலாம். இதனைச் செய்யாது அனுப்பப்பட்ட நோயாளர் மீண்டும் வேறிடம் அனுப்பப்படும் அவலம் நேரலாம்.

இக்காலத்தில் இதயத்துடிப்பு வரைபடத்தையோ ஊடுகதிர்ப் படத்தையோ கைத்தொலைபேசியிற் படமெடுத்து வட்ஸ்அப் போன்ற வழிகளால் நிபுணருக்கு அனுப்பும் வழக்கம் பெருகியுள்ளது. அதனாற் பல உயிர்கள் காக்கப்படலாம் என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் அப்படம் அனுப்பியவரின் தொலைபேசியிலும் பெற்றவரின் தொலைபேசியிலும், குழுவொன்றுக்கு அனுப்பப்பட்டிருப்பின் அதிலுள்ள அனைவரிடமும் தங்கிவிடுகின்றது. தொலைபேசியை வீட்டிற் சிறுவரும் எடுத்து விளையாடுவர். எனவே முகமும் பெயரும் படத்தில் விழாதவாறு எடுத்தல், உரிய ஒருவருக்கு மட்டும் அனுப்புதல், யாரைப் பற்றியது என்பதைப் பேச்சில் உறுதிசெய்தல், அறிவுரையைக் கட்டில்தலைச் சீட்டிற் பதிதல், பணி முடிந்ததும் அழித்தல் ஆகியன கைக்கொள்ளப்படவேண்டும்.

நிலையான தீர்வாகக் கணினி வழியான மருத்துவப் பதிவுகள் கருதப்படுகின்றன. எமது அரச வைத்தியசாலைகள் பலவற்றில் அவை பயன்பாட்டுக்கு வந்துள்ளன. ஓர் இலக்கத்தைக் கொண்டு எவ்விடத்திலும் நோயாளரின் வரலாற்றைக் காணும் நிலை பெரும் நன்மை பயக்கும். அதேவேளை, பதிவறையில் இருந்த ஓர் ஏட்டை ஒருவர் மட்டுமே திருட்டுத்தனமாக வாசிக்க முடியும். கணினியிலுள்ள பதிவைப் பலர் பல இடங்களிலிருந்தும் வாசிக்கலாம். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல், பதவிக்கேற்ற அனுமதி, யார் எப்போது எதனைத் திறந்தார் என்பதற்கான பதிவு என்பன இன்றியமையாதவை. வேலை விரைவைக் கருதி விடுதி முழுவதும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துவோமாயின், அப்பதிவு எவரையும் இனங்காட்டாது. மின்சாரமோ இணையமோ தடைப்படும் வேளையிலும் நோயாளர் வருவர். எனவே தாளில் எழுதும் பழக்கத்தை முற்றாகக் கைவிடுதல் கூடாது.

8. திரும்பி வரும் தகவலும் நோயாளரின் பங்கும்

தகவல் மேல்நோக்கி மட்டும் செல்வது போதாது. குருதியில் நுண்ணுயிர் உண்டா என அறியும் வளர்ப்புச் சோதனையின் முடிவு கிடைப்பதற்குச் சில நாட்கள் செல்லும். அதற்குள் நோயாளர் வேறு வைத்தியசாலைக்குச் சென்றிருப்பின், முடிவு பழைய விடுதியின் மேசையிலேயே கிடந்துவிடும். எந்நுண்ணுயிர், எம்மருந்துக்கு அடங்கும் என்பதை அத்தாள் கூறும்; ஆனால் அதனை அறியவேண்டியவர் அதன் இருப்பையே அறியார். 'முடிவு வராத சோதனைகள்' என்ற தலைப்பொன்று ஒவ்வொரு இடமாற்றக் கடிதத்திலும் இருக்குமாயின் இது நேராது. அவ்வாறே பெரிய வைத்தியசாலையும், நோயாளரை மீள அனுப்புங்கால், எம்மருந்து நிறுத்தப்பட்டது, எது புதிதாகத் தொடங்கப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது என்பவற்றை அனுப்பியவருக்கு எழுதுதல் வேண்டும். இன்றேல் பழைய மருந்தையும் புதிய மருந்தையும் நோயாளர் சேர்த்தே உட்கொள்வார். வேறு வேறு வணிகப் பெயர்களில் ஒரே மருந்து இருமுறை உட்கொள்ளப்படுதலும் இதனாலேயே நிகழ்கின்றது.

இவ்வனைத்திலும் நோயாளரும் குடும்பத்தினரும் வெறும் பார்வையாளரல்லர். எல்லா வைத்தியசாலைகளிலும் இருந்த ஒரே மனிதர் நோயாளர்தாம். கிளினிக் கொப்பியையும் நோய்நிர்ணய அட்டையையும் ஓரிடத்திற் பேணுதல், உட்கொள்ளும் மருந்துகளை அவற்றின் உறைகளுடன் கொண்டு செல்லுதல், ஒவ்வாத மருந்தின் பெயரை ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருத்தல் ஆகியன எவர்க்கும் இயலும். 'எனது கடிதத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது?' எனக் கேட்பது நோயாளரின் உரிமை. அதனை அவருக்கு விளங்கும் மொழியிற் கூறுதல் வைத்தியரின் கடமை. தம் தகவல் எங்கே செல்கின்றது என்பதை அறிந்த நோயாளர், அதில் உள்ள பிழையைத் திருத்தவும் கூடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பாதுகாப்பான கையளிப்புக்கு ஐந்து வினாக்கள் அடிப்படையாகின்றன: உரிய ஆளைப் பற்றியதா? சிகிச்சைக்கு வேண்டியவை யாவும் உளவா? உரியவருக்கே செல்கின்றதா? தகுந்த வழியாற் செல்கின்றதா? சென்று சேர்ந்தமை உறுதியாயிற்றா? முதலிரு வினாக்களும் கடைசி வினாவும் நோயாளரின் உயிரைக் காப்பன. இடையிலுள்ள இரண்டும் அவர்தம் மானத்தைக் காப்பன. ஐந்தையும் வினவுவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. அச்சிட்ட ஒரு படிவமும், ஒரு தொலைபேசி அழைப்பும், ஒட்டிய ஓர் உறையும், ஐந்து நிமிட நேரமும் போதும்.

அந்த ஐந்து நிமிடமும் கிடைப்பதற்கு அரிது என்பதை நாம் அறிவோம். நோயாளர் நிறைந்த விடுதியில், தனித்து நிற்கும் வைத்தியருக்கு எழுதுதல் சிகிச்சைக்குப் பிந்திய வேலையாகத் தோன்றுதல் இயல்பே. ஆயினும் டெங்கு நோயாளரின் எடுத்துக்காட்டில் நாம் கண்டதுபோல, விடுபட்ட ஒரு வரி, சரியாகச் செய்த சிகிச்சை முழுவதையும் பயனற்றதாக்கிவிடக் கூடும். தாம் கொடுத்த மருந்தை எழுதும் வைத்தியர், அடுத்த வைத்தியசாலையிலும் அந்நோயாளரின் அருகே நிற்கின்றார். எனவே இடமாற்றக் கடிதத்தை எழுதுதலையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே மருத்துவ மாணவர்க்கும் தாதிய மாணவர்க்கும் கற்பித்தல் வேண்டும். வண்டியின் கதவு மூடப்படும்போது ஒரு வைத்தியசாலையின் பணி முடிவதில்லை. மறுமுனையிற் கதவைத் திறப்பவர் நோயாளரை அறிந்துகொள்ளும்போதே அது முடிகின்றது.